ஒட்டியவளே உரித்தாள்

நான்காம் வகுப்பில் அம்மை போட்டு இரண்டு மாதம் பள்ளிக்கூடமே போகாமல், ஆண்டுத் தேர்வில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தவள் வேணி. எட்டாம் வகுப்பில், யாரும் கூப்பிடாத அறிவியல் கண்காட்சிக்கு அரை மூட்டைக் கல்லைச் சுமந்துகொண்டு போய்ப் பரிசு வாங்கினாள். பன்னிரண்டாவது முடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் நர்சிங் என்று ஒரே குரலில் சொன்னபோது, ஜியாலஜிதான் படிப்பேன் என்று திருச்சியில் சேர்ந்தாள். முதல் வருஷம் முழுக்கக் கொரோனா. கல்லங்குறிச்சிப் பக்கத்து அவர்கள் வீட்டில் சிக்னல் எடுக்காது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்து மண்மேட்டில் ஏறி, குடை பிடித்து உட்கார்ந்து, அப்பாவின் கைப்பேசியில் பாடம் கேட்டாள். ஆங்கிலத் தேர்வில் முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை தேறினாள். இத்தாலியில் ஒரு பழைய பல்கலைக்கழகத்தில், உதவித்தொகையோடு இடம் வாங்கினாள்.

கடைசியாக, தன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக்கிடமிருந்து மீட்டாள். ஊரில் வேணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சேர்ப்பதில்லை. அவளுடைய அக்கா அம்மாக்கண்ணு மட்டும் இதைத்தான் முதலில் சொல்வாள். பிளாஸ்டிக்கைப் போட்டவள் அவள்தான்.

அம்மாக்கண்ணு எட்டு வயது மூத்தவள். "உன் பேரச் சொன்னா கெழவின்னு நெனச்சு பென்ஷன் ஆபீஸ்ல சேர் போட்டு உக்கார வைப்பாங்கக்கா" என்று வேணி சீண்டுவாள். அரியலூர் பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் கிருஷ்ணமூர்த்தியின் ஜெராக்ஸ் கடையில் அம்மாக்கண்ணுவுக்குப் பதினான்கு வருஷ வேலை. படிப்பு பத்தாவது. அவளுடைய மதிப்பெண் பட்டியல் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது. ஓட்டுக்கூரை ஒழுகிய ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு பெட்டியைத் திறந்தபோது, நனைந்த அப்பளம் மாதிரி மற்ற காகிதங்களோடு ஒட்டிக் கிடந்தது. விரல் வைத்த இடமெல்லாம் கையோடு வந்தது. ஐ.டி.ஐ.யில் அசலைக் கேட்டார்கள். அசலுக்குப் பதில் நகல் வாங்க அவள் அலைந்து முடிப்பதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. அடுத்த மாதம் ஜெராக்ஸ் கடைக்கு வந்தாள்.

அங்கே லேமினேஷன் மெஷினைப் பார்த்ததும் அவளுக்கு உலகத்தில் எல்லாவற்றுக்கும் மருந்து கிடைத்தது போலிருந்தது. முதல் மாதத்திலேயே ரேஷன் கார்டு, அப்பாவின் லைசென்ஸ், அம்மா சின்னம்மாளின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு, கேஸ் புத்தகத்தின் அட்டை எல்லாம் உறைக்குள் போயின.

"வூட்டுல லேமினேட் ஆவாம இருக்கறது அப்பா மட்டும்தான்" என்பாள் வேணி.

"அவரு மெஷின் வாய்க்குள்ள போவ மாட்டாரு, இல்லன்னா போட்டிருப்பேன்."

அம்மாக்கண்ணு ஒட்டினால் அப்படியிருக்கும். காகிதத்தை மெல்லிய துணியால் துடைத்து, நான்கு பக்கமும் ஸ்கேல் வைத்து ஓரம் பார்த்து, ஒரு குமிழ்கூட இல்லாமல் எடுத்துத் தருவாள். கலெக்டர் ஆபீஸ் பக்கத்துக் கடைகளை விட்டுவிட்டு, அவள் கையால்தான் வேண்டும் என்று வருகிறவர்கள் உண்டு. தங்கச்சியின் பத்தாம் வகுப்புப் பட்டியல் வந்தபோது, கடையில் இருந்ததிலேயே கனமான உறையில் போட்டாள். மனசு ஆறாமல் அதன் மேல் இன்னொரு உறையும் போட்டாள். பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒன்று. பட்டச் சான்றிதழ் மட்டும் மெஷின் வாயைவிட அகலம். திருச்சியில் பெரிய மெஷின் இருக்கிறது, போகும்போது போட்டுக்கொள்ளலாம் என்று ஃபைலில் வைத்தாள். போகும் வேளை வாய்க்கவில்லை.

அவர்களுடைய அப்பா குழந்தைவேல் சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்குக் கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். வேணி சின்னவளாக இருந்தபோது, கல்லில் பதிந்த சிப்பிகளையும் சங்குகளையும் டூல்ஸ் பெட்டியில் போட்டு எடுத்து வருவார். விளையாடட்டும் என்றுதான். அவள் விளையாடவில்லை. ஒவ்வொன்றையும் கழுவி, எந்தப் பள்ளத்திலிருந்து வந்தது என்று அப்பாவைக் கேட்டு, சீட்டு எழுதி ஒட்டினாள். கடல் நம் ஊருக்கு எப்போது வந்தது, எப்போது போனது என்று கேட்டாள். "எனக்கு முந்தின ஷிப்ட்டுல வந்திருக்கும் பாப்பா" என்றார் குழந்தைவேல். அந்தக் கேள்வியைத்தான் இத்தாலிக்கும் எடுத்துக்கொண்டு போனாள்.

இடம் கிடைத்தது 2025 மார்ச்சில். சான்றிதழ்களுக்குச் சென்னையில் கல்வித் துறையின் முத்திரையும், அதற்கு மேல் வெளியுறவுத் துறையின் முத்திரையும் வாங்கி, ஜூன் கடைசிக்குள் விசாவுக்குக் கொடுக்க வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. இதெல்லாம் எங்கே, எப்படி என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. குழந்தைவேலோடு லாரி ஓட்டுகிற ஒருவர், "வெளிநாட்டுப் பேப்பர்னா லப்பைக்குடிக்காடுதான். அங்க வூட்டுக்கு வூடு பாஸ்போர்ட்டு" என்றார். அக்காவும் தங்கச்சியும் ஃபைலை எடுத்துக்கொண்டு பெரம்பலூர் போய் பஸ் மாறினார்கள்.

லப்பைக்குடிக்காட்டுக் கடைவீதியில் மாடிப்படி ஏறியதும் சாகிராவின் டிராவல்ஸ் ஆபீஸ். சாகிராவுக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் குவைத்தில். டிக்கெட், விசா, முத்திரை வேலை எல்லாவற்றையும் இங்கே தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். பட்டச் சான்றிதழை முதலில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"மாஷா அல்லா, சுத்தமா இருக்கு."

பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலை எடுத்தார். கை நின்றது. பத்தாவதை எடுத்து மேஜை விளிம்பில் தட்டினார். பலகை மாதிரி சத்தம் கேட்டது.

"யாரும்மா பாத்தது இந்த வேலைய?"

"நாந்தாங்க" என்றாள் அம்மாக்கண்ணு. குரலில் பெருமைதான் இருந்தது. "ரெண்டு உறை போட்டிருக்கேன். தண்ணிக்குள்ள கெடந்தாலும் ஒண்ணும் ஆவாதுங்க."

"தண்ணிக்கு ஒண்ணும் ஆவாது. சீலை எங்க குத்தறது? காகிதத்துக்குப் பின்பக்கம் முத்திரை விழணும், ஸ்டிக்கர் ஒட்டணும். இது மேல குத்துனா விரல் பட்டா அழிஞ்சிரும். பிளாஸ்டிக் போட்ட ஒரிஜினல அவங்க தொடக்கூட மாட்டாங்கம்மா."

அம்மாக்கண்ணு பட்டியலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். சாகிரா வேணியைப் பார்த்துச் சொன்னார்: "எங்க ஊர்ல புள்ளைக்குப் பேரு வைக்கறதுக்கு முந்தியே சொல்லிருவாங்க, சர்ட்டிபிகேட்டுக்குப் பிளாஸ்டிக் போடாதன்னு. சவுதி, துபாய்னு அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்ட ஊரு இது."

"புதுசா ஒண்ணு வாங்கிடலாங்களா?" என்றாள் வேணி.

"வாங்கலாம். மூணு மாசமும் ஆவும், எட்டு மாசமும் ஆவும். உங்களுக்கு ஜூன் கடைசி. பிரிச்சுக் குடுக்கறவங்க மெட்ராஸ்ல இருக்காங்கன்னு சொல்றாங்க. என்கிட்ட வந்த ஒருத்தருக்குப் பிளாஸ்டிக்கோட எழுத்தும் சேந்து வந்திருச்சு. எழுத்து போச்சுன்னா பேப்பர் போச்சு. பேப்பர் போச்சுன்னா இந்த வருஷம் சீட்டு போச்சு. அல்லா விட்ட வழி."

திரும்பும் பஸ்ஸில் அம்மாக்கண்ணு ஜன்னலோரம் உட்கார்ந்து ஃபைலை மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். பெரம்பலூரில் பஸ் நின்றபோது வேணி வெள்ளரிப்பிஞ்சு வாங்கி நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

"என்னாக்கா, வாயயும் லேமினேட் பண்ணிட்டியா?"

"திட்டுடி. திட்டி முடிச்சிட்டீன்னா எனக்கு லேசா இருக்கும்."

"உனக்கு லேசாவறதுக்கெல்லாம் நான் திட்ட முடியாது." வேணி ஒரு பிஞ்சைக் கடித்தாள். பாதி தின்ற பிறகு சொன்னாள்: "ஒட்டுனவ நீதான. நீயே உரி."

"கிழிஞ்சிருச்சுன்னா?"

"கிழிஞ்சா அடுத்த வருஷம் பாக்கலாம். அந்த வருஷமும் இடம் குடுப்பாங்களான்னு தெரியாது. ஆனா வேற எவங்கிட்டயும் குடுக்க மாட்டேன். ஸ்கேல் வச்சு மூலை பாத்து ஒட்டுன கை அது. எங்க பலமா ஒட்டியிருக்குன்னு அதுக்குத்தான் தெரியும்."

அரியலூர் வரும்வரை அம்மாக்கண்ணு தன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாளே வேலையைத் தொடங்கினாள். கடையில் யாரும் வாங்க வராத பழைய சான்றிதழ்கள் ஒரு கட்டு கிடந்தன. ஓட்டப்பந்தயம், கோலப்போட்டி, யோகா. அவற்றை முதலில் லேமினேட் செய்தாள். பிறகு உரித்துப் பார்த்தாள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஒவ்வொன்றையும் எழுதினாள். இஸ்திரிப்பெட்டிச் சூடு: பிளாஸ்டிக் சுருங்கிக் காகிதத்தையும் சுருட்டியது. ஃபிரிட்ஜில் வைத்தது: வெடித்துக் காகிதத்தின் மேல்தோலோடு வந்தது. மறுபடி மெஷினுக்குள் விட்டு எடுத்தது: கொஞ்சம் தேவலாம். பக்கத்து பியூட்டி பார்லரிலிருந்து ஹேர் டிரையர் இரவல் வாங்கிய பிறகுதான் வழி தெரிந்தது. சூடு ஒரே இடத்தில் நிற்கக்கூடாது. காகிதத்தைக் கண்ணாடி மேல் படுக்க வைக்க வேண்டும். காகிதத்தை இழுக்கவே கூடாது. பிளாஸ்டிக்கைத்தான், மேலே தூக்காமல், பின்னால் மடித்துக் கண்ணாடியோடு கண்ணாடியாக இழுக்க வேண்டும். வெளியே வந்த இடத்தில் பசை பிசுபிசுக்கும். அதில் முகப்பவுடரைத் தூவினால் அடங்கிவிடும்.

கிருஷ்ணமூர்த்தி மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார். "பதினாலு வருஷமா ஒட்டிப் பொழச்ச கடைம்மா இது. இனிமே உரிச்சுத் தரப்படும்னு போர்டு மாட்டச் சொல்வ போல."

"போர்டு மாட்டத்தான் போறேண்ணே. அது வேற போர்டு."

முப்பத்தேழாவது தாளில் ஒரு எழுத்தும் போகவில்லை. முப்பத்தெட்டிலும் போகவில்லை. நாற்பத்தொன்று வரை செய்து பார்த்துவிட்டு நோட்டை மூடினாள்.

சனிக்கிழமை காலையில் பன்னிரண்டாம் வகுப்பு. ஒன்றே கால் மணி நேரம் பிடித்தது. ஓரத்துப் பூவேலையில் ஒரு விரற்கடை வெளுத்தது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பத்தாம் வகுப்புப் பட்டியலைக் கண்ணாடி மேல் வைத்தார்கள். வேணி டிரையரைப் பிடித்தாள். வெளி உறை சுலபமாக வந்தது. உள் உறைதான் கெட்டி. பதினைந்து வயசுத் தங்கச்சிக்காக, மெஷின் சூட்டைக் கூட்டி வைத்து ஒட்டியது.

"அன்னிக்கி என்னா வேகத்துலக்கா ஒட்டுன?"

"பேசாத. டிரையர் ஒரே எடத்துல நிக்குது பாரு."

"நிக்கறது உன் கைதான்."

பெயர் வந்தது. பிறந்த தேதி வந்தது. தமிழ், ஆங்கிலம், கணக்கு, ஒவ்வொரு வரியாக வெளிச்சத்துக்கு வந்தன. தலைமையாசிரியரின் முத்திரைக்கு மேல் அம்மாக்கண்ணு மூச்சை அடக்கிக்கொண்டு கடந்தாள். கடைசியில் இடதுபக்கக் கீழ்மூலை மிச்சம். மாணவர் கையொப்பம். அச்சு எழுத்துகள் காகிதத்துக்குள் ஊறியவை. இது வேணி ஜெல் பேனாவால் போட்டது, மேலாக நிற்கிற மை. நாற்பத்தொரு தாளில் எதிலும் ஜெல் பேனா இல்லை. அது அப்போதுதான் அம்மாக்கண்ணுவுக்கு உறைத்தது.

"ரொம்ப சரியா எல்லாம் பாத்தேன்டி. இதப் பாக்காம விட்டுட்டேன்."

ஒரு தாளில் ஜெல் பேனாவால் கிறுக்கி, ஒட்டி, உரித்துப் பார்த்தார்கள். மை பாதி பிளாஸ்டிக்கோடு போனது. இன்னொன்று. சூட்டைக் குறைத்தால் குறைவாகப் போனது, ஆனாலும் போனது.

"அந்த மூலைய மட்டும் அப்படியே விட்டு வெட்டிருவமா?" என்றாள் அம்மாக்கண்ணு.

"பிளாஸ்டிக் கொஞ்சம் இருந்தாலும் தொட மாட்டாங்கன்னு அந்தக்கா சொன்னாங்கல்ல. எடுத்துரு. கையெழுத்து என்னோடதுதான, போனா நான் பதில் சொல்லிக்கறேன்."

டிரையரைத் தள்ளிப் பிடித்தாள் வேணி. அம்மாக்கண்ணு ஒரு அரிசி அகலம் இழுத்தாள், நிறுத்தினாள், மறுபடி ஒரு அரிசி அகலம். மூலை விடுபட்டபோது கையெழுத்து காகிதத்திலேயே இருந்தது. ஆனால் வெளிறிப்போயிருந்தது, பலமுறை துவைத்த சட்டையின் கோடு மாதிரி.

சென்னைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். கல்வித் துறை அலுவலக வரிசையில் பதினொரு மணிக்கு நின்று, இரண்டு மணிக்கு அதிகாரியின் மேஜைக்கு வந்தார்கள். அவர் பட்டச் சான்றிதழைப் பார்த்தார், பன்னிரண்டைப் பார்த்தார். பத்தாவதை விரலால் தடவினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"பவுடர் வாசனை வருதே. லேமினேஷன் போட்டிருந்தீங்களா?"

"ஆமா சார். அக்கா போட்டாங்க" என்றாள் வேணி.

"எடுத்தது யாரு?"

"அதுவும் அக்காதான் சார்."

அதிகாரி பின்னால் நின்ற அம்மாக்கண்ணுவை ஏற இறங்கப் பார்த்தார். "எடுக்கறப்ப இருந்த பொறுமை போடறப்ப எங்கம்மா போச்சு?"

"போடறப்பவும் பொறுமையாத்தான் சார் போட்டேன். அதான் தப்பாப் போச்சு."

அவர் சிரிக்கவில்லை. பதிவேட்டோடு எண்களைச் சரிபார்த்தார். பிறகு தாளை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கையொப்பத்தில் நிறுத்தினார். "இது மங்கியிருக்கு. நீங்கதான் இந்தப் பொண்ணுன்னு நான் எப்படி எடுத்துக்கறது?" ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "கையெழுத்துப் போடுங்க."

வேணி யோசிக்காமல் போட்டாள். கு. வேணி. கடைசி எழுத்தின் சுழியை இழுத்து, பெயருக்கு அடியில் ஒரு கோடாக ஓட்டி, அந்தக் கோட்டுக்குக் கீழே அன்றைய தேதியையும் எழுதினாள்.

"தேதி கேட்டேனா?"

"பழக்கம் சார்."

அதிகாரி மங்கிய கையெழுத்தின் பக்கம் குனிந்தார். அங்கேயும் அதே சுழி, அதே கோடு. கோட்டுக்குக் கீழே, கண்ணை இடுக்கினால் தெரிகிற அளவுக்கு, ஒரு தேதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாக்கண்ணு பஸ் டிக்கெட்டைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தாள். பிறகு அதிகாரி பட்டியலைத் திருப்பிப் போட்டு, மைப்பெட்டியைத் திறந்து, காகிதத்தின் மேல் நேரடியாக முத்திரையைக் குத்தினார். அந்தச் சத்தத்தை அம்மாக்கண்ணு இன்னும் சொல்லிக் காட்டுவாள். பிளாஸ்டிக்கில் குத்தினால் அப்படிக் கேட்காதாம்.

அடுத்த முத்திரையும் அந்த வாரமே கிடைத்தது. ஜூன் இருபதுக்குள் விசாவுக்குக் கொடுத்தாயிற்று. செப்டம்பரில் குழந்தைவேல் முதல் தடவையாக லாரி இல்லாமல் திருச்சிக்குப் போய், விமான நிலையத்து வாசலில் மகளை விட்டுவிட்டு வந்தார். கேட்டில் நின்று, "அங்க கல்லு பொறுக்கறதுக்கு லைசென்ஸ் வேணுமான்னு கேட்டுக்க பாப்பா" என்றார். வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கடையில் இப்போது மெஷினுக்கு மேலே ஒரு அட்டை தொங்குகிறது: அசல் சான்றிதழ்கள் லேமினேட் செய்யப்படமாட்டாது. அம்மாக்கண்ணுவே எழுதியது. அட்டையை லேமினேட் செய்திருக்கிறாள். முகம் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர்கள் உண்டு. கிருஷ்ணமூர்த்தி முனகுவார். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவள் பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றை எடுத்துக் காட்டி, இதில் போட்டு வையுங்கள், ஈரத்தில் வைக்காதீர்கள் என்பாள்.

அக்டோபரில் ஒரு மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் வேணி கூப்பிட்டாள். அங்கே காலை. அன்று பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாளாம்.

"தமிழ்லயே போட்டேன்க்கா. ஆபீஸ்ல இருந்த அம்மா திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. கீழ தேதி போட்டேன். அது அவங்களே அச்சடிச்சு வச்சிருக்காங்களாம், நீ ஏன் எழுதறன்னு கேட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

"எங்கக்கா சொல்லிக்குடுத்ததுன்னேன். வேற என்னா சொல்றது, அவங்களுக்கு ஜெராக்ஸ் கடையெல்லாம் தெரியுமா?"

பேசி முடித்ததும் அம்மாக்கண்ணு கல்லாவுக்குக் கீழே இழுப்பறையைத் திறந்தாள். உரித்த பிளாஸ்டிக்கை அவள் எறியவில்லை. கீழ்மூலையை மட்டும் கத்தரித்து ஒரு கவரில் வைத்திருந்தாள். காகிதத்தில் வெளிறிப்போன மை அதில்தான் ஒட்டியிருந்தது. நீலமாக, மெல்லியதாக, கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி. டியூப் லைட்டுக்கு நேரே பின்பக்கமாகப் பிடித்தால் நேராகத் தெரியும்.

பதினைந்து வயது வரை வேணி, எங்கு கையெழுத்துக் கேட்டாலும் நோட்டு அட்டையில் எழுதுவது போலத் தன் பெயரை எழுதி வைப்பாள். மதிப்பெண் பட்டியல் தருகிறார்கள், கையெழுத்துப் போட வேண்டும் என்று முந்தின நாள் சாயங்காலம் கடைக்கு வந்து சொன்னாள். "இது பேரு. கையெழுத்து இல்ல" என்று அம்மாக்கண்ணு வீணான ஜெராக்ஸ் தாள்களைக் கொடுத்து, இதே கல்லாவில் வைத்துப் போடச் சொன்னாள். சுழி வேணியே கண்டுபிடித்தது. கோடும் அவளுடையதே. தேதி மட்டும் அக்கா சொன்னது: கடைக்கு வருகிற காகிதங்களில் தேதி இல்லாத கையெழுத்தால் எத்தனை பேர் திரும்பிப் போகிறார்கள் என்று அவள் தினமும் பார்க்கிறவள். மறுநாள் பள்ளிக்கூடத்தில், தலைமையாசிரியர் மேஜையில், வேணி அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

அம்மாக்கண்ணு பிளாஸ்டிக் துண்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கு. வேணி. சுழி. கோடு. கோட்டுக்குக் கீழே, 29.8.2018.